பௌத்தம்: சேலம் பக்கத்து மக்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பௌர்ணமிதோறும் சேலத்தில் யாராவது ஒருவர் வீட்டு மொட்டை மாடியில் கூடுகிறோம். புத்தர், அவர் போதித்த தம்மம், துறவியர் கூட்டமான சங்கம் ஆகிய மூன்றையும் சரணடையும் திரிசரணமும், ஐந்து ஒழுக்கங்களான பஞ்சசீலமும் சொல்லி, சிறிது நேரம் தியானத்தில் அமர்ந்து, புத்தரின் உரை ஒன்றைத் தமிழில் படித்துப் பேசுவோம். அக்கம்பக்கத்தாரும், ஆத்தூர், ஏற்காடு பக்கத்திலிருந்து புதிதாக வருகிறவர்களும் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். ஆழமாகப் படித்தவர்களுக்காக எழுதியதல்ல, தொடங்குகிறவர்களுக்காக.

புத்தர் கடவுளா?

இல்லை. மனிதர். சாக்கியர் குலத்தில், இன்று நேபாளத்தில் இருக்கும் லும்பினியில் பிறந்தவர். 29 வயதில் வீட்டைத் துறந்தார். 35 வயதில் கயைக்கு அருகே அரச மரத்தடியில் ஞானம் பெற்றார். அதன்பின் 45 ஆண்டுகள் கங்கைச் சமவெளியில் ஊர் ஊராகக் கால்நடையாகவே போய்ப் போதித்தார். 80 வயதில் குசிநகரில் காலமானார். கடவுளின் அவதாரம் என்றோ தூதர் என்றோ தன்னைச் சொல்லிக்கொண்டதில்லை.

அவரை நான் முதலில் மனிதராக உணர்ந்தது அவருடைய கடைசி நாட்களைப் படித்தபோதுதான். சுந்தன் என்ற கொல்லர் வீட்டில் அவர் சாப்பிட்ட சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல் வயிற்றுப்போக்கு கண்டு படுத்துவிடுகிறார். சாகக் கிடக்கிற நேரத்தில் தன் சீடர் ஆனந்தரைக் கூப்பிட்டு, 'நான் போட்ட சோற்றால்தான் இப்படி ஆயிற்று என்று சுந்தன் மனம் நோகக்கூடும். ஞானம் பெறுவதற்கு முன் உண்ட உணவும், கடைசியாக உண்ட இந்த உணவும் புண்ணியத்தில் சமம் என்று அவரிடம் போய்ச் சொல்லுங்கள்' என்கிறார். உயிர் போகும் வேளையில் ஒரு கொல்லரின் மனக்குறையை நினைத்தவர். அவரை வணங்குவதற்கு எனக்கு இந்த ஒன்றே போதும்.

அப்படியென்றால் பௌத்தம் நாத்திகமா?

1944-இல் நீதிக்கட்சி திராவிடர் கழகம் என்று பெயர் மாறியது சேலத்தில்தான். அதனால் இந்தக் கேள்வி இங்கே கொஞ்சம் சூடாகவே வரும். உலகைப் படைத்து நடத்தும் ஒரு கடவுளுக்குப் பௌத்தத்தில் இடம் இல்லை. தேவர்கள் பற்றிய பேச்சு நூல்களில் உண்டு. அவர்களும் பிறந்து சாகிறவர்கள்தான், அவர்களால் நமக்கு விடுதலை தர முடியாது.

ஆனால் கடவுள் மறுப்பை முழங்குவதும் புத்தரின் வேலையாக இருக்கவில்லை. உலகம் நிலையானதா, முடிவுள்ளதா என்றெல்லாம் கேட்டு, பதில் சொன்னால்தான் உம்மோடு இருப்பேன் என்று மாலுங்கியபுத்தர் என்ற துறவி அடம்பிடித்தார். நஞ்சு தடவிய அம்பு தைத்துக் கிடப்பவன், எய்தவன் எந்தக் குலம், உயரமா குட்டையா, வில் எந்த மரத்தில் செய்தது என்று தெரியாமல் அம்பைப் பிடுங்க விடமாட்டேன் என்றால் செத்தே போவான் என்றார் புத்தர். கடவுள் உண்டா இல்லையா என்று விடிய விடியப் பேசத் தயாராக வருகிறவர்களுக்கு நானும் இதைத்தான் சொல்கிறேன். அம்பு தைத்திருக்கிறது. முதலில் அதைப் பார்ப்போம்.

புத்தர் என்னதான் போதித்தார்? சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

நான்கு வாய்மைகள். வாழ்வில் துக்கம் இருக்கிறது. அதற்குக் காரணம் வேட்கை. வேட்கை அற்றால் துக்கம் அறும். அறுப்பதற்கு ஒரு வழி இருக்கிறது.

துக்கம் என்றதும் அழுகையும் ஒப்பாரியும் மட்டும் நினைவுக்கு வரும். அவர் சொன்னது அதைவிட விரிவானது. மூப்பு, நோய், சாவு, பிரிவு மட்டுமல்ல. பிடிக்காதவரோடு இருக்க நேர்வதும் துக்கம், கேட்டது கிடைக்காததும் துக்கம். கிடைத்துவிட்டால்? போய்விடுமோ என்ற பயம் வந்து உட்கார்ந்துகொள்கிறது. புது வீட்டுக்குப் பால் காய்ச்சிய அன்று ராத்திரியே கடன் தவணையை நினைத்துப் புரண்டு படுத்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

நான்காவதாகச் சொன்ன வழிக்கு எட்டு உறுப்புகள்: நற்காட்சி, நல்லூற்றம் (நல்ல எண்ணம்), நல்வாய்மை, நற்செய்கை, நல்வாழ்க்கை, நன்முயற்சி, நற்கடைப்பிடி (விழிப்பான கவனம்), நல்லமைதி. ஒன்றை முடித்துவிட்டு அடுத்ததற்குப் போவதல்ல, எட்டும் கூடவே வளர்பவை. ஒழுக்கம், மன ஒருமை, ஞானம் என்று மூன்றாக வகுத்தும் சொல்வார்கள்.

பஞ்சசீலம் என்றால்?

உயிரைக் கொல்லாமை, கொடுக்காததை எடுக்காமை, முறைகெட்ட காமம் தவிர்த்தல், பொய் சொல்லாமை, மதி மயக்கும் மது முதலியவற்றை விலக்குதல். இவற்றைக் கடவுள் இட்ட கட்டளையாக யாரும் ஏற்பதில்லை. 'இந்தப் பயிற்சியை மேற்கொள்கிறேன்' என்று தானே வாய்விட்டுச் சொல்லி ஏற்கிறோம். தவறினால் தண்டிக்க யாரும் இல்லை; மறுபடியும் ஏற்று நடக்க வேண்டியதுதான்.

பௌத்தத்துக்கு வாசல் தியானம் என்று பலரும் நினைக்கிறார்கள். என்னைக் கேட்டால் பஞ்சசீலம்தான் வாசல். பகலெல்லாம் எடைக்கல்லில் ஏமாற்றிவிட்டு, ராத்திரி கண்ணை மூடி உட்கார்ந்தால் மனம் எங்கே அடங்கும்? சொன்ன பொய்யைக் காப்பாற்ற அடுத்த பொய்யைத் தேடிக்கொண்டிருக்கும். நான்காவது சீலத்தை மட்டும் ஒரு வாரம் விடாமல் கவனித்துப் பாருங்கள். 'வந்துகிட்டே இருக்கேன்' என்று வீட்டில் உட்கார்ந்தபடி போனில் சொல்வதில் தொடங்கி, ஒரு நாளில் எத்தனை இடத்தில் நாக்கு வழுக்குகிறது என்று தெரிய வரும். அது தெரிவதே பாதித் தியானம்.

பௌர்ணமி போன்ற, உபோசதம் எனப்படும் நோன்பு நாட்களில் சிலர் எட்டு சீலம் ஏற்பார்கள். அன்று நண்பகலுக்குப் பிறகு உணவு இல்லை. ஆட்டம் பாட்டமும் அலங்காரமும் இல்லை. உயர்ந்த சொகுசுப் படுக்கையும் இல்லை.

மதுக்கடையில் சம்பளத்துக்கு வேலை பார்க்கிறேன். நான் வரலாமா?

தாராளமாக வாருங்கள். ஐந்து வணிகங்களை இல்லறத்தார் செய்யக் கூடாது என்று புத்தர் சொன்னது உண்மை: ஆயுதம், உயிர்கள், இறைச்சி, மது, நஞ்சு ஆகியவற்றை விற்பது. மாற்று வேலை கிடைக்கும்போது மாறிவிடுங்கள் என்றுதான் நானும் சொல்வேன். ஆனால் குடும்பத்துக்குச் சோறு போட வேறு வழி இல்லாமல் நிற்பவரை வாசலில் நிறுத்திவைக்கும் உரிமை எவருக்கும் இல்லை. கூட்டம் கூட்டமாக ஆட்களைக் கொன்ற அங்குலிமாலனையே சங்கத்தில் சேர்த்துக்கொண்டவர் அவர்.

கறி சாப்பிடலாமா?

ஞாயிற்றுக்கிழமை காலையில் கறிக்கடையில் வரிசை நிற்கிற ஊர் இது, அதனால் கேள்வி புரிகிறது. துறவிகளுக்குப் புத்தர் வைத்த விதி: தமக்காகக் கொன்றதைப் பார்த்திருந்தாலோ, கேட்டிருந்தாலோ, அப்படி இருக்குமோ என்று ஐயம் எழுந்தாலோ அந்த இறைச்சியை ஏற்கக் கூடாது, மற்றபடி பிச்சைப் பாத்திரத்தில் விழுந்ததை உண்ணலாம். துறவிகள் இறைச்சியே உண்ணக் கூடாது என்று விதிக்கச் சொல்லி, அவருடைய உறவினரும் துறவியுமான தேவதத்தன் கேட்டபோது அவர் மறுத்துவிட்டார். மகாயானம் என்ற பிற்காலப் பிரிவின் நூல்கள் சில புலாலை அடியோடு விலக்குகின்றன. குளிரில் காய்கறி விளையாத திபெத்தில் பௌத்தர்கள் இறைச்சி உண்டே வாழ்ந்தார்கள்.

ஆக, கறி தின்றால் பௌத்தர் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. புலால் உண்பதை வைத்து ஒருவரைத் தாழ்த்திப் பேசுகிற பழக்கத்துக்குப் பௌத்தத்தைத் துணைக்குக் கூப்பிடுவதும் தவறு. அதே நேரத்தில், தன் கையால் கொல்வதையும், தனக்காகக் கொல்லச் சொல்வதையும், நேர்ந்துகொண்டு கிடா வெட்டுவதையும் முதல் சீலம் விலக்குகிறது. நான் கறி சாப்பிடுவதில்லை. என் வீட்டில் மற்றவர்கள் சாப்பிடுகிறார்கள். இருவருக்கும் சண்டை இல்லை.

சாதியைப் பற்றிப் பௌத்தம் என்ன சொல்கிறது?

பிறப்பால் எவரும் இழிந்தவர் ஆவதில்லை, பிறப்பால் எவரும் பிராமணர் ஆவதில்லை. செயலால்தான் இரண்டும் ஆகிறார்கள் என்று புத்தர் நேராகவே சொல்லியிருக்கிறார். சொன்னதோடு நிற்கவில்லை. சாக்கிய இளவரசர்கள் துறவு பூண வந்தபோது, அவர்களுடைய நாவிதர் உபாலியும் கூடவே வந்தார். இளவரசர்களே, 'எங்கள் குலச் செருக்கு அடங்க வேண்டும், உபாலிக்கு முதலில் துறவு கொடுங்கள்' என்று கேட்டுக்கொண்டார்கள். சங்கத்தில் முன்னால் சேர்ந்தவரைப் பின்னால் சேர்ந்தவர் வணங்க வேண்டும். நேற்று வரை தங்களுக்குச் சவரம் செய்தவரின் காலில் இளவரசர்கள் விழுந்து வணங்கினார்கள். புத்தர் மறைந்தபின் கூடிய முதல் துறவியர் பேரவையில் துறவிகளுக்கான விதிகள் முழுவதையும் ஒப்பித்தவர் அதே உபாலிதான். குப்பை வாரிப் பிழைத்த சுனீதரும் புத்தரின் சங்கத்தில் ஞானம் பெற்றவர்களில் ஒருவர்.

தமிழ் மண்ணில் இந்தச் செய்தியை மீட்டெடுத்தவர் அயோத்திதாசப் பண்டிதர். 1898-இல் கொழும்புக்குப் போய்ப் பஞ்சசீலம் பெற்றுத் திரும்பி, சென்னையில் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவினார். 1907-இல் 'ஒரு பைசாத் தமிழன்' இதழைத் தொடங்கி, 1914-இல் இறக்கும்வரை நடத்தினார். அண்ணல் அம்பேத்கர் நாகபுரியில் லட்சக்கணக்கான மக்களோடு தீட்சை பெற்றது 1956 அக்டோபர் 14. அதற்கு அரை நூற்றாண்டுக்கும் மேல் முன்னால் இங்கே ஒரு தமிழர் அந்தப் பாதையில் நடந்திருக்கிறார். பள்ளிப் பிள்ளைகளுக்கு இந்தப் பெயரைச் சொல்லிக் கொடுங்கள்.

பௌத்தம் வடக்கிலிருந்து வந்த மதம்தானே? தமிழருக்கும் அதற்கும் என்ன?

பிறந்தது வடக்கே. ஆனால் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் தமிழில் பேசி, தமிழில் வாழ்ந்த சமயம் இது. மணிமேகலை முழுக்க முழுக்கப் பௌத்தக் காப்பியம். பசிப்பிணி தீர்ப்பதுதான் முதல் அறம் என்று அள்ள அள்ளக் குறையாத அமுதசுரபியை ஓர் இளம்பெண்ணின் கையில் கொடுத்து, சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக மாற்றிக் காட்டுகிற காப்பியம் வேறு எங்கே இருக்கிறது? பழைய பௌத்த நூல்களின் மொழியான பாலியில் நூல்கள் எழுதிய புத்ததத்தர் உறையூரைச் சேர்ந்த சோழநாட்டுக்காரர். நாகப்பட்டினத்தில் சுமத்ரா பக்கத்து ஸ்ரீவிஜய அரசர் எழுப்பிய சூடாமணி விகாரம் என்ற பௌத்த மடத்துக்கு ஆனைமங்கலம் என்ற ஊரையே எழுதிக்கொடுத்தவர் முதலாம் ராஜராஜன். அதே நாகப்பட்டினத்தில் 1856 முதல் மண்ணுக்குள்ளிருந்து சுமார் 350 பௌத்தச் செப்புத் திருமேனிகள் கிடைத்தன.

அவ்வளவு தூரம் போகவும் வேண்டாம். நம் மாவட்டத்திலேயே தியாகனூர் இருக்கிறது.

தியாகனூர் புத்தர் எங்கே இருக்கிறார்? எப்படிப் போவது?

சேலத்திலிருந்து கிழக்கே ஆத்தூர், அங்கிருந்து தலைவாசல், தலைவாசலுக்குப் பக்கத்தில் தியாகனூர். ஒரு காலத்தில் மகதை மண்டலம் என்ற நாட்டுப் பகுதியின் தலைநகராக விளங்கிய ஆறகழூர் அருகிலேயே இருக்கிறது. இரண்டையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம். நல்ல வெயிலில் போகாதீர்கள், காலையிலேயே கிளம்புங்கள்.

ஒரே கல்லில் செதுக்கிய பெரிய சிலை; அமர்ந்த கோலத்திலேயே ஆள் உயரத்தைத் தாண்டும். சம்மணமிட்ட கால்கள், மடியில் ஒரு கைமேல் ஒரு கை, பாதி மூடிய கண்கள். முன்னால் தரையில் உட்கார்ந்தால், நிமிர்ந்து முகத்தைப் பார்ப்பதற்கு முன் அந்தக் கைகள்தான் நம் கண்மட்டத்தில் தெரியும். எதையும் பிடிக்காத, யாரையும் மிரட்டாத, வரம் எதுவும் நீட்டாத கைகள். நான் போயிருந்தபோது ஊர்ப் பாட்டி ஒருவர் விளக்கேற்றி, கொஞ்சம் எண்ணெயைத் தன் தலையிலும் தடவிக்கொண்டு, 'சாமி பேசாது, ஆனா கேட்கும்' என்றார். கொள்கைப்படி அது சரியா என்று நான் அங்கே விவாதம் பண்ணவில்லை. விகாரம் என்று சொல்லத்தக்க எதுவும் இல்லாமல் போன ஊரில் அந்தக் கல்லைத் தங்களவராக நினைத்து வைத்திருப்பவர்கள் இப்படிப்பட்ட பாட்டிகள்தான்.

தலைவெட்டி முனியப்பன் உண்மையிலேயே புத்தரா?

சேலம் பெரியேரி கோட்டைச் சாலையில் தலைவெட்டி முனியப்பன் என்ற பெயரில் வணங்கப்பட்டு வந்த சிலையைப் பற்றிய கேள்வி இது. அது புத்தர் சிலைதான் என்ற வழக்கு உயர் நீதிமன்றம் போனது. நீதிமன்றம் சொன்னபடி தொல்லியல் துறை நேரில் ஆய்ந்து அறிக்கை கொடுத்தது. தாமரைப் பீடத்தில் அமர்ந்த கோலம், தியான முத்திரையில் கைகள், சுருள்முடி, உச்சியில் ஞானமுடி, நீண்ட காதுமடல்கள் என எல்லாம் புத்தருக்குரிய இலக்கணங்கள். துண்டாகிக் கிடந்த தலையைச் சிமெண்டும் சுண்ணாம்பும் வைத்து ஒட்டியிருந்தார்கள். 2022 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி, சிலை புத்தருடையது என்பதை ஏற்று, அதைத் தொல்லியல் துறை பொறுப்பில் எடுக்கவும், பூசைகளை அனுமதிக்காதிருக்கவும் உத்தரவிட்டார்.

உண்மை உண்மையாகச் சொல்லப்பட வேண்டும். அந்த அளவில் அந்தத் தீர்ப்பு எனக்கு மகிழ்ச்சி. ஆனால் முனியப்பனைக் கும்பிட்டு வந்த குடும்பங்களை எதிரியாக நினைத்துப் பேசும் பௌத்தர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. தலை போன சிலையை ஆற்றில் எறியாமல், கட்டடத்துக்குக் கல்லாக உடைக்காமல், விளக்கு வைத்துக் காத்தவர்கள் அவர்கள். அவர்கள் வாசலில் போய்க் கோபமாக முழங்குகிறவருக்குப் புத்தர் சிலை கிடைக்கலாம், புத்தர் கிடைக்கமாட்டார்.

ஆன்மா இல்லை, மறுபிறவி உண்டு என்கிறீர்களே. பிறப்பது எது?

நல்ல கேள்வி. புத்தர் காலத்திலேயே கேட்ட கேள்வி. உரு, நுகர்ச்சி, குறிப்பு, பாவனை, அறிவு என்ற ஐந்து கந்தங்களின் (கூறுகளின்) தொகுதியைத்தான் 'நான்' என்கிறோம். ஐந்தும் ஓயாமல் மாறுகின்றன. அவற்றுக்கு அப்பால் மாறாத ஓர் ஆள் உள்ளே உட்கார்ந்திருக்கவில்லை. ஒன்றைச் சார்ந்து ஒன்று தோன்றுகிறது. மணிமேகலையின் கடைசிக் காதை இந்தத் தொடரைப் பன்னிரண்டு கண்ணியாக அடுக்குகிறது: பேதைமை, செய்கை, உணர்வு, அருவுரு (மனமும் உடலும்), வாயில் (புலன்கள்), ஊறு (புலன் பொருளைத் தொடுவது), நுகர்வு, வேட்கை, பற்று, பவம் (மறுபிறவிக்கு இட்டுச் செல்லும் வினை), தோற்றம், வினைப்பயன். ஒரு விளக்கிலிருந்து இன்னொரு விளக்கை ஏற்றினால், சுடர் தாவிப் போவதில்லை, ஆனால் தொடர்பும் அறுவதில்லை. மறுபிறவிக்குப் பழைய ஆசிரியர்கள் சொன்ன உவமை இது.

இதில் மனம் ஒப்பவில்லை என்றால் ஒதுக்கி வைத்துவிட்டு, தொடரின் நடுப்பகுதியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஊறு, நுகர்வு, வேட்கை, பற்று. போனில் ஒரு பொருளின் படம் கண்ணில் படுகிறது, பிடித்திருக்கிறது, வேண்டும் என்று தோன்றுகிறது, வாங்காமல் தூக்கம் வருவதில்லை. நுகர்வுக்கும் வேட்கைக்கும் நடுவே ஓர் இடைவெளி இருக்கிறது. தியானம் அந்த இடைவெளியில் நிற்கப் பழக்குகிறது.

கஷ்டப்படுகிறவர்கள் எல்லாம் முன்வினைப் பயனை அனுபவிக்கிறார்களா?

இல்லை. எல்லா நோவும் முன்வினையால்தான் என்பவர்கள் தவறாகச் சொல்கிறார்கள் என்று சீவகன் என்ற பரதேசியிடம் புத்தரே சொல்கிறார். பித்தம், சிலேட்டுமம் (கபம்), வாதம், பருவ மாற்றம், அடிபடுதல் என்று காரணங்களை வரிசையாக அடுக்கி, வினையை அவற்றில் ஒன்றாக மட்டும் வைக்கிறார். வினை என்றால் மனத்தின் எண்ணமே என்பதும் அவர் வாக்கு. முற்பிறவிப் பாவத்தால்தான் தாழ்ந்த குலத்தில் பிறந்தார்கள், ஏழையானார்கள் என்ற பேச்சை அம்பேத்கர் அடியோடு மறுத்தார். பாதிக்கப்பட்டவர் முன்னால் நின்று 'உன் கர்மா' என்பவர் பௌத்தத்தின் பெயரில் கொடுமை செய்கிறார்.

தியானம் பழக ஏற்காட்டுக்குப் போக வேண்டுமா?

சேர்வராயன் மலையில் காப்பித் தோட்டத்து நிழலில் உட்கார்ந்தால் மனம் சீக்கிரம் அடங்கும், மறுக்கவில்லை. கொண்டை ஊசி வளைவெல்லாம் ஏறிப் போய் அமைதியாக இருந்துவிட்டு, அடிவாரத்துக்கு இறங்கியதும் முதல் சிக்னலில் ஹாரன் அடிப்பவரைத் திட்டினால் என்ன பயன்? சேலத்தின் அம்மாபேட்டையிலும் குகைப் பகுதியிலும் தறிச் சத்தத்துக்கு நடுவே குடியிருப்பவர்கள் சத்தம் நிற்கட்டும் என்று காத்திருக்க முடியாது. அந்தச் சத்தத்தோடேயே தொடங்கலாம்.

முறை இது. விடியற்காலை அல்லது படுக்கப் போகும் முன், ஒரு நேரத்தைப் பிடியுங்கள். பாய் விரித்து, பின்பக்கத்துக்குக் கீழே மடித்த போர்வை வைத்து, இடுப்பு முழங்காலைவிடச் சற்று உயர இருக்குமாறு உட்காருங்கள். மூட்டு வலி உள்ளவர்கள் நாற்காலியிலேயே உட்காரலாம், பாதம் தரையில் படட்டும். கண்ணை மூடி, மூக்கு நுனியில் மூச்சு உள்ளே போவதையும் வெளியே வருவதையும் கவனியுங்கள். மூச்சை இழுத்துப் பிடிக்க வேண்டாம், இது பிராணாயாமம் அல்ல. நீண்ட மூச்சென்றால் நீண்டது என்று தெரிய வேண்டும். குறுகியதென்றால் குறுகியது என்று. பத்து மூச்சுக்குள் மனம் ஓடிப்போகும்: கேஸ் புக் பண்ணவில்லை, மைத்துனர் அன்றைக்கு அப்படிச் சொன்னாரே. ஓடியது தெரிந்த கணமே திரும்ப மூச்சுக்கு வாருங்கள். திட்டிக்கொள்ள வேண்டாம். ஓடுவதும் அதைக் கண்டு திரும்புவதும்தான் பயிற்சி. கால் மரத்தால் உடனே மாற்றாமல், மரத்துப்போவது எப்படித் தொடங்கி எப்படி மாறுகிறது என்று கொஞ்சம் பாருங்கள்; முடியாவிட்டால் மெதுவாக மாற்றிக்கொள்ளுங்கள்.

முடிக்கும் முன் சில நிமிடம் மைத்திரி. எனக்கு நலம் உண்டாகட்டும், வீட்டாருக்கு, தெருவில் உள்ளவர்களுக்கு, பிடிக்காத அந்த ஒருவருக்கும். கடைசியில் சொன்னவர்தான் கடினம். அவரை விட்டுவிடாதீர்கள்.

மனநோய்க்கு மருந்து எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் நீண்ட தியான முகாம்களுக்குப் போக வேண்டாம். மருந்தை நிறுத்தவும் வேண்டாம்.

பத்து நாள் விபாசனா முகாம் பற்றி?

பர்மாவில் பிறந்து வளர்ந்த கோயங்கா பரப்பிய தியான முறை. பத்து நாளும் பேச்சில்லை, போன் இல்லை. கட்டணம் கிடையாது, முடித்தவர்கள் விரும்பித் தரும் நன்கொடையில் நடக்கிறது. சென்னையில் திருமுடிவாக்கத்தில் மையம் இருக்கிறது. மதம் மாற வேண்டியதில்லை. வீட்டில் கொஞ்ச நாள் பழகிவிட்டுப் போனால் தாங்கும்.

குடும்பஸ்தருக்குப் பௌத்தம் ஒத்துவருமா?

வரும். சிகாலன் என்ற இளைஞன் அப்பா சொன்னபடி தினமும் காலையில் ஈரத் துணியோடு ஆறு திசைகளைக் கும்பிட்டுக்கொண்டிருந்தான். புத்தர் அவனிடம், கிழக்கு பெற்றோர், தெற்கு ஆசிரியர், மேற்கு மனைவி மக்கள், வடக்கு நண்பர்கள், கீழே வேலையாட்கள், மேலே துறவிகள், இவர்களுக்குச் செய்ய வேண்டியதைச் செய்வதே திசை வணக்கம் என்றார். மனைவிக்குக் கணவன் செய்ய வேண்டியவை: மதித்தல், இழிவாகப் பேசாமை, துரோகம் செய்யாமை, வீட்டுப் பொறுப்பை அவளிடம் விடுதல், நகை வாங்கித் தருதல். (கடைசி ஒன்றைப் படிக்கும்போது எங்கள் கூட்டத்துப் பெண்கள் இன்னொரு தடவை படிக்கச் சொல்வார்கள்.)

வேலையாட்களுக்கு முதலாளி செய்ய வேண்டியவை: உடல் வலுவுக்கேற்ற வேலை, உணவும் கூலியும், நோயில் கவனிப்பு, விசேஷப் பண்டம் கிடைத்தால் பங்கு, உரிய நேரத்தில் ஓய்வு. செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் நண்பர் இந்த இடம் வந்ததும் புத்தகத்தை வாங்கித் தானே ஒருமுறை படித்தார். காய்ச்சலில் வராத ஆளுக்குக் கூலி கொடுப்பதா வேண்டாமா என்று அந்த வாரம்தான் வீட்டில் பேச்சு நடந்திருந்ததாம். கொடுத்துவிட்டார். தம்மம் பட்டறைக்குள் நுழைவது இப்படித்தான்.

பெண்களுக்கு என்ன இடம்?

புத்தரை வளர்த்த சிற்றன்னை மகாபிரஜாபதி கௌதமி தலைமையில் பெண் துறவிகளுக்கான சங்கம் உருவானது. ஞானம் பெற்ற அந்தப் பெண்கள் பாடிய பாடல்கள் தேரிகாதையாக இன்றும் இருக்கின்றன. உரலும் உலக்கையும் கூன் முதுகுக் கணவனும் விட்டொழிந்தன என்று மகிழ்ந்து பாடுகிறவரும் அவர்களில் ஒருவர். பெண் துறவிகளை ஆண் துறவிகளுக்குக் கீழே வைக்கும் எட்டு விதிகளும் நூல்களில் உண்டு. அதை மறைக்கக் கூடாது, நியாயப்படுத்தவும் எனக்கு மனம் இல்லை.

வீட்டில் மாரியம்மன் படம் இருக்கிறது. ஆடிப் பண்டிகைக்குப் போகலாமா? மதம் மாற வேண்டுமா?

தியானம் பழகவும், சீலம் ஏற்கவும், பௌர்ணமிக்கு வரவும் மதம் மாற வேண்டாம். கோட்டை மாரியம்மன் பண்டிகைக்கு அம்மாவை அழைத்துப் போகிறவரை யாரும் கேள்வி கேட்கமாட்டோம். அம்பேத்கர் வழியில் தீட்சை பெறுகிறவர்கள் 22 உறுதிமொழிகள் எடுக்கிறார்கள். இந்துக் கடவுளரை வணங்கமாட்டேன் என்பது அவற்றில் உண்டு. அதை எடுத்தவர் அதன்படி நடக்க வேண்டும். அரைமனதோடு எடுப்பதைவிட, எடுக்காமல் காத்திருப்பது நேர்மை.

இடஒதுக்கீடு போய்விடுமா என்று பலர் தயங்குகிறார்கள். 1990-இல் செய்த திருத்தத்துக்குப் பிறகு, பட்டியல் சாதியினர் பௌத்தத்தைத் தழுவினாலும் பட்டியல் சாதியினராகவே கருதப்படுவார்கள். மற்றச் சமூகத்தவர்கள் சான்றிதழ் விவரங்களை வட்டாட்சியர் அலுவலகத்தில் கேட்டுக்கொண்டு முடிவு செய்யுங்கள். திருமணத்தைப் பொறுத்தவரை, 1955-ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டம் பௌத்தர்களுக்கும் பொருந்தும், பதிவு செய்துவிடுங்கள்.

வீட்டில் சாவு விழுந்தால் என்ன செய்ய வேண்டும்?

எரிப்பதா புதைப்பதா என்பது குடும்பத்தின் விருப்பம். திரிசரணம், பஞ்சசீலம் சொல்லி, தோன்றியவை எல்லாம் மறையும் இயல்புடையவை என்ற பாலிப் பாடலைச் சொல்வோம். இறந்தவர் பெயரில் பசித்தவர்களுக்குச் சோறு போடுவது சிறந்தது. அழுகிறவர்களைப் பார்த்து 'அநித்தியம்' என்று பாடம் நடத்தாதீர்கள். பக்கத்தில் உட்காருங்கள், காப்பி போட்டுக் கொடுங்கள்.

பாடம் சாவுக்கு முன்னாலேயே படிக்க வேண்டியது. ஆளவி என்ற ஊரில் நெசவாளி ஒருவரின் மகள் இருந்தாள். சாவு நிச்சயம், வாழ்வு நிச்சயமில்லை என்று புத்தர் சொன்னதைக் கேட்டு மூன்று ஆண்டு அதையே சிந்தித்தாள். மறுபடி அவர் வந்த அன்று, அப்பாவின் தறிக்குத் தார் (நெய்வதற்கான நூல் குழல்) சுற்றிக் கூடையில் எடுத்துப் போகும் வழியில் அவர் முன்னால் போய் நின்றாள். எங்கிருந்து வருகிறாய் என்றார். தெரியாது என்றாள். எங்கே போகிறாய்? தெரியாது. தெரியாதா? தெரியும். தெரியுமா? தெரியாது. கூட்டம் முணுமுணுத்தது. அவள் விளக்கினாள்: எங்கிருந்து வந்து பிறந்தேன் என்று தெரியாது; செத்தபின் எங்கே போவேன் என்று தெரியாது; சாவேன் என்று தெரியும்; எப்போது என்று தெரியாது. அன்றே தறிக்கட்டை நெஞ்சில் இடித்து அவள் இறந்தாள் என்று முடிகிறது கதை. குகைப் பகுதியில் தறி ஓட்டும் ஓர் அக்கா இதைக் கேட்டுவிட்டு, 'அந்தப் பொண்ணு தாரைக் கொடுக்க லேட்டாகுதேன்னு பயந்திருப்பாளே' என்றார். கதையைச் சொல்லும் பழைய விளக்கவுரையிலும் அப்படித்தான் இருக்கிறது: அப்பா அடிப்பாரோ என்று பயந்துகொண்டேதான் அவள் முதலில் புத்தரைப் பார்க்க வந்தாள்.

புத்த பூர்ணிமா எப்போது?

சில ஆண்டு சித்ரா பௌர்ணமியோடும், சில ஆண்டு வைகாசி விசாகத்தை ஒட்டியும் வரும். பிறப்பு, ஞானம், மறைவு மூன்றையும் இலங்கை, பர்மா வழிப் பழைய பிரிவினரான தேரவாதிகள் அந்த ஒரே நாளில் நினைவுகூர்கிறார்கள். வெள்ளை உடை, பூ, விளக்கு, அன்னதானம். அன்று தியாகனூரில் கூட்டம் இருக்கும்.

முதல்முறை கூடலுக்கு வருகிறேன். என்ன கொண்டுவர வேண்டும்?

எதுவும் வேண்டாம். உட்காரத் துண்டு ஒன்று இருந்தால் நல்லது, மாடித் தரை சில்லென்றிருக்கும். காணிக்கை வாங்குவதில்லை. பாலி வரிகளைச் சொல்லத் தெரியாவிட்டால் கேட்டுக்கொண்டிருக்கலாம். தமிழ்ப் பொருளையும் கூடவே படிப்போம். குழந்தைகளை அழைத்து வரலாம், ஓடியாடினால் பரவாயில்லை. மழை வந்தால் கீழே கூடத்தில் உட்காருவோம். சுண்டல் உண்டு.